ஒரே காட்சி, அவருக்கு நகை, உங்களுக்கு இளிவரல்

வாசகர் கேள்வி பதில்

அலுவலகத்தைக் களமாக வைத்த நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி, குறிப்பாக 'தி ஆபிஸ்' பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். பாதிப் பேர் இதைவிடச் சிரிப்பான தொடர் இல்லை என்கிறார்கள். மீதிப் பேர் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

*

கேள்வி: என் கணவர் அமெரிக்க 'தி ஆபிஸ்' தொடரை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். நான் முதல் நான்கு எபிசோடு பார்த்தேன். ஒரு தடவைகூடச் சிரிப்பு வரவில்லை. அந்த மேனேஜர் வாயைத் திறந்தாலே சங்கடமாக இருக்கிறது. "உனக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது" என்கிறார். குறை யாரிடம்?

பதில்: இரண்டு பேரிடமும் இல்லை. நீங்கள் பார்த்த முதல் எபிசோடையே எடுத்துக்கொள்வோம். மேனேஜர் மைக்கேல் ஸ்காட், புதிதாக வந்த தற்காலிகப் பணியாளன் ரயனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வரவேற்பாளர் பாமை உள்ளே கூப்பிடுகிறார். ஒட்டுத்தாள்களைத் திருடினாய், உன்னை வேலையை விட்டு எடுக்கிறேன் என்கிறார். பாம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். மைக்கேல் உடனே "சும்மா விளையாட்டுக்கு" என்று சமாளிக்கப் பார்க்கிறார். பாம் திட்டிவிட்டு எழுந்து போகிறார். ரயனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இந்தக் காட்சியில் நகைச்சுவை எங்கே இருக்கிறது? மைக்கேல் சொன்ன 'ஜோக்'கில் இல்லை. அது படுமோசமான ஜோக் என்பதுதான் காட்சியின் பொருளே. ஜோக் செத்துப்போன பிறகு ஓரிரு விநாடி அந்த அறையில் தொங்கும் மௌனம் இருக்கிறதே, அதற்குத்தான் உங்கள் கணவர் சிரிக்கிறார். அதே மௌனத்தில் நீங்கள் பாமின் கண்ணீரைப் பார்க்கிறீர்கள். பார்வை இரண்டுமே சரிதான்.

இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் மிகப் பழைய சொற்கள் இருக்கின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் (உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் நிலைகளில்) முதலாவதாக நகையை, அதாவது சிரிப்பை, வைத்து, அது பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் இகழ்ந்து சிரிப்பது. இளமை, பிள்ளைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் அழகானது: பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டது விடாமை. அதாவது, ஒருவர் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு பிறகு விடவே மாட்டேன் என்று நிற்பது.

இந்த நான்கில் மூன்று இத்தொடரில் ஆள் ஆளாக உட்கார்ந்திருக்கின்றன. விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்து, அதன்படியே உலகம் நடக்க வேண்டும் என்று நிற்கும் டுவைட் அசல் மடன். கணக்குப் பிரிவில் இருக்கும் கெவின் பேதைமை. மைக்கேல் ஸ்காட் இளமை: நாற்பது வயதில், தன்னை எல்லோரும் விரும்ப வேண்டும் என்று ஏங்கும் பிள்ளை.

அதே இயலில் நகைக்கு இரண்டு இடம் தள்ளி இளிவரல் இருக்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் பிறப்பது. ஒருவன் பிறர் முன்னால் எளியவனாகிப் போகும்போது நமக்குள் ஏற்படும் சுருக்கம் என்று இதைச் சொல்லலாம். 'தி ஆபிஸ்' காட்சிகள் பெரும்பாலும் நகைக்கும் இளிவரலுக்கும் நடுவே இருக்கும் வரப்பின் மேல்தான் நடக்கின்றன. கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்தால் சிரிப்பு, அந்தப் பக்கம் சாய்ந்தால் கூச்சம்.

உங்கள் கணவர் ஏன் இந்தப் பக்கம் சாய்கிறார் என்பதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: அவர் பார்ப்பது மூன்றாவது தடவை. பாமுக்கு நல்லது நடக்கும், மைக்கேல் உள்ளுக்குள் கெட்டவர் இல்லை என்று தெரிந்துகொண்டு அந்த அழுகையைப் பார்க்கிறார். உங்களுக்கு அது எதுவும் தெரியாது. அழுகிற பெண் மட்டும்தான் தெரிகிறார். முதல் தடவை அவரும் இப்படிச் சிரித்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

*

கேள்வி: அப்படியானால் எந்த எபிசோடில் தொடங்குவது? முதலிலிருந்து பார்த்தால் பிடிக்காது என்று பலரும் சொல்கிறார்கள்.

பதில்: சரியாகவே சொல்கிறார்கள். முதல் சீசன் (2005) ஆறே எபிசோடுகள். முதல் எபிசோடு பிரிட்டிஷ் தொடரின் முதல் எபிசோடைக் கிட்டத்தட்ட அப்படியே பின்பற்றியது. அந்த ஆறிலும் மைக்கேலுக்கு இரக்கம் தேடித்தர எழுத்தாளர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. இரண்டாவது சீசனில்தான் பாத்திரத்தைத் திருத்தினார்கள். தலைமுடி அமைப்பு மாறியது, அறை வெளிச்சம் கூடியது. அதைவிட முக்கியமாக, அவருக்கு ஒரு திறமையும் ஒரு வலியும் கொடுத்தார்கள்.

வரிசை இது. இரண்டாவது சீசனின் முதல் எபிசோடு 'தி டண்டீஸ்'. அதில் மைக்கேல் நடத்தும் விருது விழாவைப் பார்த்து முதலில் நெளிவீர்கள். ஆனால் வெளியாட்கள் அவரைக் கேலி செய்யும்போது, அவரைத் தாங்காத அவருடைய ஊழியர்களே அவர் பக்கம் நிற்கிறார்கள். தொடரின் குடும்பக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அடுத்து மூன்றாவது எபிசோடு 'ஆபிஸ் ஒலிம்பிக்ஸ்'. பிறகு ஏழாவது, 'தி கிளையன்ட்'. இதைத் தவறவிடாதீர்கள். ஒரு பெரிய ஒப்பந்தத்துக்காக மேலதிகாரி ஜானுடன் மைக்கேல் வாடிக்கையாளரைச் சந்திக்கிறார். மணிக்கணக்கில் வெட்டிப் பேச்சு, பாட்டு, ஜோக். ஜானுக்குப் பொறுமை போய்விடுகிறது. கடைசியில் மைக்கேல் ஒரே ஒரு நேர்மையான பேச்சுப் பேசி ஒப்பந்தத்தை முடித்துவிடுகிறார். அவ்வளவு நேரம் நாம் உளறல் என்று நினைத்ததெல்லாம் அந்த ஆளைப் பழக்கிக்கொள்ளும் வேலை என்று அப்போதுதான் புரிகிறது. இந்த மனிதன் எப்படி மேனேஜர் ஆனான் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும், பார்ப்பவர் மனதில் இருந்த முடிச்சு அவிழ்கிறது. பன்னிரண்டாவது, 'தி இஞ்சுரி', முழுக்கச் சிரிப்புக்காக.

இந்த நான்கும் எபிசோடுக்குச் சுமார் 22 நிமிடம். மொத்தம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பார்த்த பிறகும் உதடு அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒன்பது சீசன், 201 எபிசோடு இருக்கிற தொடரைக் கடமைக்காகப் பார்க்க வேண்டியதில்லை.

*

கேள்வி: பிரிட்டிஷ் 'தி ஆபிஸ்', அமெரிக்க 'தி ஆபிஸ்'. எது அதிகச் சிரிப்பு?

பதில்: சிரிப்பு எண்ணிக்கையில் அமெரிக்கத் தொடர். கூர்மையில் பிரிட்டிஷ் தொடர். ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் எழுதி இயக்கியது, 2001-இல் பிபிசியில் தொடங்கி, ஆறு ஆறாக இரண்டு சீசன், 2003 டிசம்பரில் இரண்டு பகுதி கிறிஸ்துமஸ் சிறப்பு, அவ்வளவுதான். 14 எபிசோடுக்கு ஒரு மனிதனின் வீழ்ச்சியைக் காட்டலாம். அவனை மன்னிக்க வேண்டிய அவசியம் இல்லை. 201 எபிசோடுக்கு வாரா வாரம் அந்த மனிதன் நம் வீட்டுக்குள் வர வேண்டும். ஆகவே அவனை நாம் விரும்பியே ஆக வேண்டும். கிரெக் டேனியல்ஸ் அமெரிக்காவுக்காக மாற்றியமைத்தபோது எடுத்த மிகப் பெரிய முடிவு இதுதான்.

பிரிட்டிஷ் தொடரின் மேனேஜர் டேவிட் பிரென்ட் கேமராவைப் பார்த்துக்கொண்டே இருப்பவர். புகழ் வேண்டும் அவருக்கு. மைக்கேலுக்கு வேண்டியது நண்பர்கள். புகழுக்கு அலைபவரைப் பார்த்தால் எள்ளல் வருகிறது. நட்புக்கு அலைபவரைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் பாவமும் வருகிறது. பிரிட்டிஷ் தொடரின் இரண்டாவது சீசன் முடிவில் வேலை போகும்போது பிரென்ட் கெஞ்சுவார். அந்த இடத்தில் யாருக்கும் சிரிப்பு வராது. வரக்கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். என் ஓட்டு பிரிட்டிஷ் தொடருக்கு, அந்த ஒரு காட்சிக்காகவே. ஆனால் சோர்ந்துபோன மாலையில் போட்டுப் பார்க்க ஒன்று சொல் என்றால் அமெரிக்கத் தொடரைத்தான் கைகாட்டுவேன்.

*

கேள்வி: பின்னணியில் சிரிப்புச் சத்தமே இல்லையே, எங்கே சிரிப்பது என்றே தெரியவில்லை. அந்தக் காலத் தொடர்களில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை.

பதில்: அந்தச் சிரிப்புச் சத்தம் ஒரு கருவி. மேடைக்கு முன்னால் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுக்கும் தொடர்களில் அது நிஜச் சிரிப்பு. மற்றவற்றில் பதிவு செய்து ஒட்டிய லாஃப் டிராக். 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் வகைவகையான சிரிப்புகளை விசை தட்டினால் வரும்படி ஒரு பெட்டியில் அடைத்துவிட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சி பல வருடம் அந்தப் பெட்டியோடுதான் சிரித்தது.

போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'மேஷ்' தொடரில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. தயாரிப்பாளர்களுக்கு லாஃப் டிராக் வேண்டாம்; ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனத்துக்கு வேண்டும். கடைசியில் அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கிடையாது என்று சமரசம் ஆனது. பிரிட்டனில் பிபிசி அதே தொடரைச் சிரிப்பே இல்லாமல் ஒளிபரப்பியது. ஒரே தொடர், இரண்டு நாட்டிலும் இரண்டு சுவை.

'தி ஆபிஸ்' ஆவணப்படம் போல எடுக்கப்பட்டது. ஆவணப்படத்தில் யாரும் பின்னால் உட்கார்ந்து சிரிக்க மாட்டார்கள். அந்த வேலையை இங்கே மூன்று செய்கின்றன. ஒன்று, கேமராவைப் பார்க்கும் பார்வை. ஊழியர்களில் ஒருவரான ஜிம் ஒரு விநாடி லென்ஸைப் பார்த்தால், "நீங்களும் பார்த்தீர்கள்தானே?" என்று நம்மிடம் கேட்கிறார். இரண்டு, திடீரென்று ஒரு முகத்தை நோக்கிப் போகும் ஜூம்; கேமராக்காரருக்கும் இப்போதுதான் விஷயம் பட்டது என்பது போல. மூன்று, தனி அறைப் பேட்டித் துண்டு. "என் ஊழியர்கள் என்னைத் தங்கள் நண்பனாகத்தான் பார்க்கிறார்கள்" என்ற மாதிரி ஒரு வாக்கியம்; அடுத்த ஷாட்டில் மைக்கேல் வருவதைப் பார்த்து எல்லோரும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ஏதாவது ஒரு கூட்ட அறைக் காட்சியை ஒலியை அடைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். மைக்கேலைப் பார்க்காதீர்கள். பின்வரிசையில் இருப்பவர்களை மட்டும் பாருங்கள். ஊழியர் ஸ்டான்லி குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலை நிமிர்கிறாரா, நிமிரவில்லையா என்று கவனியுங்கள். பிறகு ஒலியோடு மறுபடி போடுங்கள். சிரிப்பு வரும் இடம் வசனத்திலிருந்து முகங்களுக்கு மாறியிருப்பது தெரியும். சிரிப்புச் சத்தம் கேட்டுப் பழகிய காது வசனத்தின் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கும். இந்தத் தொடரில் அதற்கு அடுத்த விநாடிதான் விளைச்சல்.

*

கேள்வி: சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறேன். அதனால்தான் சிரிப்பு வரவில்லையோ?

பதில்: கணிசமான பங்கு இருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலில் ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி என்பது பரவலான வழக்கம். அந்த இரண்டு வரியும் ஒரே நேரத்தில் திரையில் விழுகின்றன. நடிகர் பாதி வாக்கியம் சொல்லி, நிறுத்தி, விழுங்கி, மீதியைச் சொல்வதற்குள் நம் கண் முழுவதையும் படித்து முடித்துவிடுகிறது. ஜோக் நமக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவர் சொல்லும்போது ஆறிப்போயிருக்கிறது. இரண்டாவது நஷ்டம், கண் திரையின் அடியில் இருக்கும்போது மேலே நடக்கும் முகபாவம் போய்விடுகிறது. இந்தத் தொடரில் முகம்தானே சரக்கு.

கணினியில் விஎல்சி பிளேயரில் பார்ப்பவர்கள் 'எச்' விசையைத் தட்டினால் சப்டைட்டில் ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி பின்னுக்குப் போகும். 'ஜி' தட்டினால் முன்னுக்கு வரும். ஆறிலிருந்து எட்டுத் தட்டு, அதாவது 0.3 முதல் 0.4 விநாடி தள்ளி வைத்துப் பாருங்கள். காது முதலில், கண் பிறகு என்று ஆகும். அதற்கு மேல் தள்ளினால் அடுத்த ஆளின் வாயில் வசனம் ஏறிவிடும். இந்த வசதி இல்லாதவர்கள் எபிசோடை ஒரு முறை சப்டைட்டிலோடு பார்த்து, பிடித்த காட்சியை மட்டும் அது இல்லாமல் மறுபடி பார்க்கலாம்.

வேகத்தை 1.25 ஆக வைத்துப் பார்க்கிறவர்கள் உடனே நிறுத்துங்கள். ஒன்றரை விநாடி மௌனம் 1.2 விநாடியாகச் சுருங்கும். எண்ணில் சிறியதுதான். ஆனால் 'இவர் இப்போது என்ன சொன்னார்' என்று நம் மூளை கேட்டுக்கொள்ளும் இடைவெளி அதுதான்.

*

கேள்வி: கூச்சம் தாங்காமல் எழுந்து போய்விடுகிறேன். 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' எபிசோடை இதுவரை முடித்ததே இல்லை. இது எனக்கு மட்டும்தானா?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை. தொடரின் தீவிர ரசிகர்களிலேயே அந்த ஒன்றைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறேன் என்று மைக்கேல் பத்து வருடத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறார். பணம் இல்லை. இப்போது அவர்கள் அவருக்காக ஆடிப் பாடி நன்றி சொல்கிறார்கள். கடைசியில் அவர் கொடுப்பது மடிக்கணினிக்கான பேட்டரி. இங்கே ஏமாறுகிறவர்கள் பிள்ளைகள், இழப்பது எதிர்காலம். வரப்பு முழுதாக இளிவரல் பக்கம் சரிந்துவிட்டது.

இதோடு நான்காவது சீசனின் 'டின்னர் பார்ட்டி'யை ஒப்பிடுங்கள். சங்கடம் அங்கே இன்னும் அதிகம். ஆனால் அடிபடுகிற இருவரும், மைக்கேலும் ஜானும், சமபலம் உள்ளவர்கள். மாட்டிக்கொண்ட விருந்தாளிகளுக்கு இழப்பு ஒரு மாலைப் பொழுது மட்டும். சுவரில் மாட்டிய கையகலத் தொலைக்காட்சியை மைக்கேல் பெருமையாகத் தள்ளிக் காட்டும்போது நாம் குற்ற உணர்ச்சி இல்லாமல் சிரிக்கலாம்.

கூச்சம் உங்களுக்கு உடம்பிலேயே ஏறுகிறது என்றால் தொடரை மாற்றுங்கள். 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' அதே ஆவணப்பட பாணிதான். முதல் சீசனின் ஆறு எபிசோடை விட்டு இரண்டாவதில் தொடங்குங்கள். அங்கேயும் நாயகி லெஸ்லி முதலில் மைக்கேலின் சாயலில்தான் இருந்தார், பிறகு வேலையில் கெட்டிக்காரராக மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட 'அபாட் எலிமென்ட்ரி' (2021 முதல்) இன்னும் மென்மையானது. சங்கடமே வேண்டாம், பேச்சுச் சாமர்த்தியம் போதும் என்றால் 1980-இல் தொடங்கிய 'யெஸ் மினிஸ்டர்'.

*

கேள்வி: என் மேலதிகாரி அசல் மைக்கேல் ஸ்காட். நாள் முழுவதும் அவரோடு இருந்துவிட்டு வந்து இதைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?

பதில்: சிரிக்க வேண்டாம். ஒரு மீறலும் வேண்டும், அது தீங்கில்லாதது என்ற உணர்வும் கூடவே வேண்டும், அப்போதுதான் சிரிப்பு பிறக்கும் என்று பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-இல் எழுதினார்கள். உங்களுக்கு முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. வேலை மாறிய பிறகு பாருங்கள். அப்போது வேறு தொடராகத் தெரியும்.

*

கேள்வி: இனம், நிறம், பெண்கள் பற்றியெல்லாம் அதில் வரும் ஜோக்குகளைக் கேட்டால் கோபம் வருகிறது. "கேலி மைக்கேலைப் பற்றித்தான், அந்த மக்களைப் பற்றி இல்லை" என்று ரசிகர்கள் சமாதானம் சொல்கிறார்கள். ஏற்பதா?

பதில்: சில இடங்களில் ஏற்கலாம், எல்லா இடத்திலும் முடியாது. காட்சிக்குக் காட்சி சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். அவமதிக்கப்பட்டவருக்குப் பெயரும் வாயும் இருக்கிறதா? காட்சி யார் முகத்தில் முடிகிறது?

முதல் சீசனின் இரண்டாவது எபிசோடு 'டைவர்சிட்டி டே'. மைக்கேல் ஊழியர்களின் நெற்றியில் இனப் பெயர் எழுதிய அட்டைகளை ஒட்டி விளையாட்டு நடத்துகிறார். இந்திய வம்சாவளி கெல்லியிடம் வந்து, இந்தியப் பேச்சு என்று தான் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை நடித்துக் காட்டுகிறார். கெல்லி பளாரென்று கன்னத்தில் அறைகிறார். அவருக்குப் பெயர் இருக்கிறது, கை இருக்கிறது. கேலி மைக்கேல் மேல்தான் விழுகிறது. எழுதியவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

மூன்றாவது சீசனின் கிறிஸ்துமஸ் எபிசோடில், உணவகத்திலிருந்து அழைத்து வந்த இரண்டு ஆசியப் பெண்களில் தன்னுடன் வந்தவர் யார் என்று மைக்கேலுக்குத் தெரியவில்லை. அடையாளத்துக்காக ஒருவர் கையில் பேனாவால் கோடு போட்டுவிடுகிறார். அந்தப் பெண்களுக்குக் கதையில் இடம் இல்லை, அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பார்வைகூட நமக்குக் காட்டப்படவில்லை. பார்ப்பவரும் அவர்களை ஒரே மாதிரி என்று நினைத்தால்தான் ஜோக் வேலை செய்யும். இங்கே ரசிகர்களின் சமாதானம் எடுபடாது. எழுத்தே தவறியிருக்கிறது. உங்கள் கோபம் நியாயமானது.

*

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து எட்டு நிமிட அலுவலக நகைச்சுவைக் குறும்படம் எடுத்தோம். வாசித்துப் பார்த்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எடுத்து முடித்துப் பார்த்தால் யாருமே சிரிக்கவில்லை. எங்கே கோட்டை விட்டோம்?

பதில்: வாசிப்பில் வந்தது உங்கள் நண்பர்களின் குரலுக்கும் முகத்துக்கும் வந்த சிரிப்பு. அவர்களைத் தெரியாதவர்களுக்கு அது கடத்தப்படாது. பிரதியை அனுப்பியிருந்தீர்கள், மேனேஜர் ஆலோசனைப் பெட்டி வைக்கும் காட்சியையே எடுத்துக்கொள்கிறேன், கரு நன்றாக இருக்கிறது.

பெட்டியில் யாரும் எதுவும் போடவில்லை. மேனேஜரே தாள்களில் தன்னைப் புகழ்ந்து எழுதிப் போட்டு, கூட்டத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, ஆச்சரியப்பட்டபடி வாசிக்கிறார். நீங்கள் அந்த இடத்தில் குமாஸ்தாவை எழுப்பி, "சார், இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்க வைத்திருக்கிறீர்கள். காட்சி அங்கேயே செத்துவிட்டது. பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள். எல்லாத் தாளும் பச்சை மையில் இருக்கட்டும். ஷாட் ஒன்று, தாள், இரண்டு விநாடி. ஷாட் இரண்டு, வாசிக்கும் மேனேஜர். சட்டைப் பையில் பச்சை மூடி போட்ட பேனா, ஆனால் அதற்கு க்ளோஸ்-அப் வேண்டாம், சட்டகத்தின் ஓரத்தில் தெரிந்தால் போதும். ஷாட் மூன்று, குமாஸ்தாவின் முகம்: பேனாவைப் பார்க்கிறார், தாளைப் பார்க்கிறார், குனிந்துகொள்கிறார். எடிட்டிங்கில் இதை முதலில் இரண்டு விநாடி வைத்துப் பாருங்கள், பிறகு ஒன்றரை. எதில் சிரிப்பு வருகிறதோ அது. பிறகு மேனேஜர் அடுத்த தாளை எடுக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாமலேயே காட்சி தொடர வேண்டும்.

நடிப்பு. இது நகைச்சுவை என்று படத்தில் யாருக்கும் தெரியக்கூடாது. உங்கள் மேனேஜர் ஒவ்வொரு வரியிலும் குரலை உயர்த்துகிறார், புருவத்தைத் தூக்குகிறார். அவரிடம் "சிரிக்க வை" என்று சொல்லாதீர்கள். "இந்த ஐந்து பேரில் ஒருவராவது உன்னைப் பாராட்ட வேண்டும், அதற்காகத் தவிக்கிறாய்" என்று சொல்லுங்கள். தவிப்பு உண்மையாக இருந்தால் சிரிப்பு தானாக வரும்.

ஆட்கள். எட்டு நிமிடத்துக்கு ஒன்பது பேர் அதிகம், ஐந்து போதும். அதில் ஒருவராவது நிதானமானவராக இருக்க வேண்டும். பார்ப்பவர் அவர் கண் வழியாகத்தான் உள்ளே வருகிறார். உங்கள் படத்தில் ஒன்பது பேருமே கோமாளிகள். அளந்து பார்க்க ஒரு கோல் கூட இல்லை.

பக்கம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வசனத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு சரி. மௌனத்துக்குப் பக்கமே கிடையாது. ஆறரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மீதி நேரம் முகங்களுக்கு. கேமராவைப் பார்க்கும் பார்வை எட்டு நிமிடத்தில் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். இப்போது பதினொன்று இருக்கிறது, நான்காவதிலேயே அது பழக்கமாகிவிட்டது. பேட்டித் துண்டு ஒவ்வொன்றும் 10 முதல் 15 விநாடி. அது அடுத்த ஷாட்டோடு முரண்பட வேண்டும். நடந்ததையே திரும்பச் சொல்கிற துண்டுகளை வெட்டிவிடுங்கள்.

ஒலி. பலரும் கோட்டை விடுகிற இடம் இது. உங்கள் மௌனங்களில் ஒலியை முழுவதும் அடைத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் ஏதோ பழுது என்று காது நினைக்கும். கவனம் முகத்திலிருந்து விலகும். படம் எடுக்கும் ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, பேச்சில்லாத அறையின் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியின் முனகல், எங்கோ ஒரு நாற்காலி. அதை ஒவ்வொரு மௌனத்துக்கும் அடியில் விரியுங்கள். அப்போதுதான் மௌனம் சங்கடமாகக் கேட்கும்.

முடித்ததும், பிரதியைப் படிக்காத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். "நன்றாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். திரையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த நிமிடம், எந்த விநாடியில் உதடு அசைகிறது, எங்கே கை போனுக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கை போனுக்குப் போன இடத்துக்கு இருபது விநாடி முன்னால்தான் வெட்ட வேண்டியது இருக்கும்.

*

கேள்வி: மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கரேல் போன பிறகு பார்க்கலாமா?

பதில்: ஏழாவது சீசனில், 2011 ஏப்ரலில் அவர் விடைபெறும் எபிசோடோடு நிறுத்திக்கொள்ளலாம். எட்டாவது சீசனில் சங்கடம் இருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்கும் ஏக்கம் இல்லை. டுவைட்டைப் பிடித்தவர்கள் மட்டும் ஒன்பதாவது சீசனின் கடைசி எபிசோடுக்கு நேராகப் போங்கள்; நடுவில் விட்டது புரியாமல் போகாது.